கோலார் தங்கவயலுக்கு வந்த மின்சாரம்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் மொழி. அடுக்களையில் பிறந்த இம்மொழி மின்சாரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஊற்றில் வலு இருந்தால்தான் கம்பியில் அது புறப்படும். வழியில் தேய்ந்து போகாதிருந்தால்தான் முடிவிடத்தை அடையும். அடைந்த வலு பொறியின் தேவைக்கு ஈடாக இருந்தால்தான் பொறி இயங்கும். ஊற்று, வழி, சுமை என்னும் இம்மூன்றில் எங்கே குறை நேர்ந்தாலும் விளைவு ஒன்றே. விளக்கு மங்கும், சக்கரம் தயங்கும், இறுதியில் நின்றுவிடும். குறை எங்கே என்று காண்பதுதான் அறிவுடையோர் வேலை.

இவ்வாராய்ச்சி இந்திய நாட்டில் பெரிய அளவில் நடைபெற்ற தொடக்க இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். கன்னட நாட்டின் கீழ்க்கோடியில், ஆந்திர நாட்டுக்கும் தமிழகத்துக்கும் அண்மையில் இருக்கும் அவ்வூரில் தமிழே வீதியின் மொழியாக வழங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் மக்கள் அங்கே நிலத்தைக் குடைந்து பொன் எடுத்தார்கள். இன்று மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழும் தமிழருள் பலருக்குப் பாட்டனார் பிறந்த ஊர் அது. அவ்வூருக்கு மின்சாரம் வந்த வரலாற்றை அறிந்துகொள்வது, நம் குடும்ப வரலாற்றின் ஒரு பக்கத்தைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

கோலார் நிலத்தில் பொன் உண்டு என்பது பழங்காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. 1802ஆம் ஆண்டில் லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவர் அப்பகுதியை ஆராய்ந்து, மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு குறித்தார். பின்னர் 1870களில் மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்து நாட்டு ஓய்வுபெற்ற போர்வீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே சுரங்கத் தொழில் நிலைபெற்றது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்னும் பெயர்கள் உலகச் சந்தையில் ஒலிக்கத் தொடங்கின.

பொன்னை எடுப்பதற்குத் தேவையானவை உளியும் சம்மட்டியும் மட்டுமல்ல. உடைத்த பாறையை மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய கல்லைக் கனமான இரும்பு உலக்கைகளால் இடித்துப் பொடியாக்க வேண்டும். ஆழத்தில் ஊறும் நீரை இடைவிடாது இறைக்க வேண்டும். பாறையைத் துளைக்கும் கருவிகளுக்கு அழுத்தமூட்டிய காற்றைக் குழாய்களின் வழியே அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் வலு வேண்டும். அவ்வலுவைத் தொடக்கத்தில் கொடுத்தவை நீராவி எந்திரங்கள். அவற்றின் அடுப்புகளுக்கு விறகும் நிலக்கரியும் இரையாயின. விறகுக்காகச் சுற்றுவட்டாரக் காடுகள் வெட்டுண்டன. நிலக்கரியோ தொலைவிலிருந்து இரயில் வண்டியில் வரவேண்டியிருந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்குக் கிளைப்பாதை அமைந்த பின்னரும் எரிபொருளின் செலவு சுமையாகவே இருந்தது. சுரங்கம் ஆழமாக ஆழமாக, அதே ஒரு வண்டிக் கல்லை மேலே கொணர்வதற்கு முன்னிலும் மிகுதியான வலு தேவைப்பட்டது. பொன்னின் ஒரு பகுதியை அடுப்பிலே எரிப்பதுபோல் இருந்தது அந்நிலை.

இதற்கு மாற்று, தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவில், காவிரியாற்றில் இருந்தது. சிவசமுத்திரம் என்னும் ஆற்றுத்தீவின் இருபுறமும் காவிரி பிரிந்து, ககனச்சுக்கி, பரச்சுக்கி என்னும் இரண்டு அருவிகளாகப் பாறைமேல் வீழ்கிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வீணே விழுந்த அவ்வலுவை மின்சாரமாக்கித் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்ற கருத்து மைசூர் அரசின் முன் வந்தபோது, திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். 1883 முதல் 1901 வரை அப்பதவியை வகித்த அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். மைசூர்ப் பொறியியல் துறையில் துணைத் தலைமைப் பொறியாளராயிருந்த ஜோலி தெ லோட்பினியேர் என்னும் கனடா நாட்டவர் இத்திட்டத்தை வகுத்தார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவர் நேரிற் சென்று, அந்நாடுகளின் வல்லுநர்களைக் கலந்து, கருவிகளுக்கு ஏற்பாடு செய்தார். நீரால் சுழலும் டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் நிறுவனத்திலிருந்தும், மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும் வந்தன.

கப்பலில் வந்த அக்கனமான கருவிகள் மத்தூர் இரயில் நிலையத்தில் இறங்கின. அங்கிருந்து அருவிவரை சாலைவழி. மாட்டு வண்டிகளும் யானைகளும் அவற்றை இழுத்துச் சென்றன. அருவியைச் சூழ்ந்த காடு மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போனது. அங்கே பாறையை வெட்டிக் கால்வாய் அமைத்தவர்கள் பட்ட பாடு சிறிதன்று. அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கம்பி வழியே மின்சாரம் எவ்வாறு தேயாமல் கடந்தது? விடை எளியது, ஆனால் அரியது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு மிகுதியோ, அதன் வர்க்கத்தின் அளவுக்குக் கம்பி சூடேறி வலுவை விழுங்குகிறது. அதே வலுவை அனுப்புவதற்கு இரண்டு முறைகள் உண்டு. அழுத்தத்தைக் குறைத்து ஓட்டத்தை மிகுதிப்படுத்தலாம். அல்லது அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைக்கலாம். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வழியில் நேரும் இழப்போ நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவேதான் சிவசமுத்திரத்தில் மின்மாற்றிகள் மின்னழுத்தத்தை 30,000 வோல்ட்டுக்குக் குறையாமல் உயர்த்தி அனுப்பின. தங்கவயலில் வேறு மின்மாற்றிகள் அதனை இறக்கிப் பொறிகளுக்கு ஏற்றதாக்கின. மெல்லிய கம்பி, உயர்ந்த அழுத்தம், குறைந்த இழப்பு என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி.

1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள், சிவசமுத்திரத்து நீரின் வலு தங்கவயலை அடைந்தது. அதனைக் காண சேஷாத்ரி ஐயர் உயிருடன் இல்லை. 1901 செப்டம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். தொடக்கத்தில் சிவசமுத்திரத்தில் 720 கிலோவாட் ஆற்றலுடைய ஆறு மின்னாக்கிகள் அமைந்திருந்தன. மொத்தம் 4,320 கிலோவாட். இன்றைய கணக்கில் இது சிறிய அளவே. ஆனால் இந்தியாவில் நீர்மின்சாரம் தொடங்கிய டார்ஜிலிங் நிலையம் 1897இல் உண்டாக்கியது 130 கிலோவாட் மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், ஐந்தே ஆண்டுகளில் நாடு தாண்டிய படிகள் விளங்கும்.

சிவசமுத்திரம், தங்கவயல் கம்பிப்பாதையே அன்று உலகில் மிக நீண்டது என்று பெருமையாகச் சொல்வார் உண்டு. அஃது முற்றும் சரியன்று. 1891இல் ஜெர்மனியில் லாஃபென் என்னும் ஊரிலிருந்து பிராங்க்பர்ட் நகரத்துக்கு 175 கிலோமீட்டர் தூரம் சோதனையாக மின்சாரம் அனுப்பப்பட்டது. கலிபோர்னியாவில் 1901இல் ஓக்லாந்து நகரத்துக்கு வந்த பாதை 140 மைலையும் தாண்டியது. ஆயினும் 1896இல் நயாகரா அருவியிலிருந்து பபலோ நகரத்துக்குச் சென்ற புகழ்பெற்ற பாதையினும் நம்முடையது பன்மடங்கு நீளமானது. உலகில் நீண்டவற்றுள் ஒன்று என்று சொன்னால் அதுவே போதிய பெருமை. உண்மைக்கு மேல் ஒரு முழம் சேர்க்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

மின்சாரம் வந்தது; ஆனால் கவலை தீர்ந்ததா? இல்லை. கவலையின் வடிவம்தான் மாறியது. முன்பு விறகு தீர்ந்தால் அடுப்புக்காரனுக்குத் தெரியும். இப்போது பொறி தயங்கினால் குறை எங்கே என்று 92 மைல் தூரம் தேட வேண்டும். நாம் முதலில் சொன்ன மூன்று வினாக்களும் இங்கே உயிர்பெறுகின்றன.

முதல் வினா: ஊற்றில் வலு இருக்கிறதா? காவிரி மழையை நம்பிய ஆறு. ஆடியிலும் ஆவணியிலும் கரைபுரண்டு ஓடும் அதே ஆறு, பங்குனி சித்திரையில் பாறைகளுக்கிடையே மெலிந்த ஓடையாகிவிடும். தங்கவயலின் உலக்கைகளோ பருவம் பார்த்து இடிப்பதில்லை. பன்னிரண்டு திங்களும் ஒரே அளவு வலுவைக் கேட்டன. மின்னாக்கிகள் சிறந்தவை, கம்பி சிறந்தது, பொறிகள் சிறந்தவை. ஆனால் கோடையில் சட்டியில் நீர் இல்லை. இக்குறையைக் கம்பியை மாற்றியோ பொறியை மாற்றியோ தீர்க்க இயலாது. ஊற்றையே நிலைப்படுத்த வேண்டும். 1909இல் தலைமைப் பொறியாளராக வந்த விசுவேசுவரய்யர், கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே பேரணை கட்டும் திட்டத்தை வற்புறுத்தியதற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று. மழைக்காலத்து நீரைத் தேக்கிவைத்துக் கோடையில் அளவோடு விட்டால் சிவசமுத்திரத்தின் சக்கரங்கள் ஓயாமல் சுழலும். 1911இல் பணி தொடங்கியது. அதுவே இன்று கிருஷ்ணராஜசாகரம் என்று பெயர் பெற்று விளங்குகிறது.

அவ்வணையின் உயரம் பற்றி மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் எழுந்த வழக்கு நெடியது. தஞ்சைக் கழனிகளுக்கு நீர் குறையுமே என்பது சென்னையின் கவலை. நடுவர் விசாரணைகளுக்குப் பின் 1924இல் உடன்படிக்கை ஏற்பட்டு, 124 அடி உயரத்துக்கு இசைவு கிடைத்தது. இவ்வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கரும்பையும் நெல்லையும் மட்டுமே சொல்வர். ஆனால் அவ்வழக்கின் தொடக்கத்தில், தங்கவயலின் பாதாளத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளியின் பொறிக்கு வேண்டிய மின்சாரமும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஒரே காவிரி தஞ்சையில் ஒரு தமிழனுக்குச் சோறும், கோலாரில் மற்றொரு தமிழனுக்குக் கூலியும் தந்தது.

இரண்டாம் வினா: வழியில் வலு தேய்கிறதா? நெடிய கம்பிப்பாதை வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நிற்பது. கம்பத்தையும் கம்பியையும் பிரித்துவைக்கும் பீங்கான் தாங்கிகளில் ஒன்றில் விரிசல் கண்டாலும் மின்சாரம் நிலத்துக்குக் கசியும். இடியும் மின்னலும் சேர்ந்த கோடைமழை கம்பிப்பாதைக்குப் பெரும்பகை. கம்பிகளின் இணைப்பு சற்றுத் தளர்ந்தாலும் அவ்விடம் சூடேறி வலுவைத் தின்னும். ஆகவே இத்தகைய பாதையைக் காப்பதற்குக் காவலாளர் தேவை. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் துண்டிக்கும் அமைப்புகளும் தேவை. பிழை நேர்ந்தால் முழுப்பாதையையும் தேடுவதில்லை. முதற்பகுதி நலமா, அடுத்த பகுதி நலமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிழையுள்ள பகுதியை நெருங்கிப் பிடிப்பார்கள். வைத்தியர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

மூன்றாம் வினா: சுமை அளவுக்கு மிஞ்சுகிறதா? மின்சாரம் நம்பகமானது என்று கண்டவுடன் சுரங்க நிறுவனங்கள் மேலும் மேலும் கேட்டன. 1905இல் பெங்களூர் நகரமும் சிவசமுத்திரத்தின் மின்சாரத்தைப் பெற்றது. அருவியில் மேலும் மின்னாக்கிகள் நிறுவப்பட்டன. பின்னாட்களில் கம்பியின் அழுத்தமும் உயர்த்தப்பட்டது. சுமையைக் கணக்கிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கும் ஓட்டம் வேறு. புறப்படும் கணத்தில் கேட்கும் ஓட்டம் வேறு. நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது பல மடங்கு மிகுதியாக இழுக்கும். அக்கணத்தில் அருகிலுள்ள விளக்குகள் மங்குவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பல மோட்டார்களை ஒரே கணத்தில் இயக்கினால், நாள் முழுவதும் போதுமாயிருந்த மின்சாரம் அந்த ஒரு நொடிக்குப் போதாமற் போகும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகவே இயக்க வேண்டும் என்பது பொறியாளர் கண்ட விதி.

அளவு மட்டுமல்ல, பொருத்தமும் வேண்டும். சிவசமுத்திரத்து மாறுமின்சாரம் நொடிக்கு 25 சுழற்சிகள் கொண்டது. பிற்காலத்தில் நாடெங்கும் 50 சுழற்சி முறை நிலைபெற்றது. 25 சுழற்சிக்கென்று அமைந்த மோட்டாரை 50 சுழற்சிக் கம்பியில் நேரே இணைத்தல் தகாது. ஆற்றல் இருந்தும் அது பயன்படாது. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே மொழி பேச வேண்டும் என்பது மின்சாரத்துக்கும் உரிய நியதி.

இம்மூன்று வினாக்களையும் கேட்ட பொறியாளர்களுக்கு அவை கணக்குகள். சுரங்கத்தின் அடியில் இருந்தவர்களுக்கோ அவை உயிர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாயிற்று. அவ்வாழத்தில் பாறையே தொட முடியாத வெப்பம் கொண்டது. பாறைவெடிப்பு என்னும் பேராபத்து எந்நேரமும் காத்திருந்தது. வெப்பத்தைத் தணிக்கும் காற்றும், ஊறும் நீரை இறைக்கும் பொறியும், மேலே ஏற்றும் கூண்டும் வலுவை நம்பியவை. மேலே ஒரு விசை நின்றால் கீழே நூற்றுக்கணக்கானோர் மூச்சடக்கிக் காத்திருப்பர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் பெரும்பாலோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டு, பிழைப்பைத் தேடி வந்த ஆதிதிராவிட மக்கள்.

வரலாற்று நீதியை எண்ணும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மின்சாரம் கொணரப்பட்டது பொறிகளுக்காக, மனிதருக்காக அன்று. உலக்கைகளை இயக்கிய மின்சாரம் அதிகாரிகளின் மாளிகைகளையும் ஒளிரச்செய்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் தட்டிக் குடிசைகளை அது அடைவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 92 மைல் தூரத்தை ஒரு கணத்தில் கடந்த மின்சாரம், ஆலையின் மதிலுக்கும் குடிசையின் வாசலுக்கும் இடையிலிருந்த சில நூறு கெஜத்தைக் கடக்கப் பல்லாண்டுகள் தயங்கியது. இதற்குக் கம்பியின் தடை காரணமன்று.

சுதந்திரத்துக்குப் பின் 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசின் பொறுப்பில் சேர்ந்தன. 1965இல் அச்சுரங்கத்தின் ஆழத்திலே, இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிவியலார், வளிமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டனர். மேலே இருக்கும் பாறையே பிற கதிர்களைத் தடுக்கும் கவசமாயிற்று. பொன்னுக்காகக் குடைந்த பள்ளம் அறிவுக்கும் பயன்பட்டது.

இனி, இவ்வரலாறு இன்று நம் இல்லங்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தங்கவயலின் பேரப்பிள்ளைகள் இன்று பல நகரங்களில் கணிப்பொறியின் முன் அமர்ந்து தொழில் செய்கிறார்கள்; மாலை வேளையில் அதிலேயே விளையாடுகிறார்கள். வண்ண விளக்குகள் எரியும் கீபோர்டு, மௌஸ், ஹெட்செட், ஓட்டுவதற்கான சக்கரம் என்று பல கருவிகளை யூ.எஸ்.பி. துறைகளில் செருகுகிறார்கள். விளையாட்டின் நடுவே கீபோர்டின் விளக்கு மங்குகிறது. மௌஸ் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. ஹெட்செட் தானே துண்டித்துக்கொண்டு மீண்டும் இணைகிறது. கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாக வாங்குவோர் பலர். ஆனால் இங்கும் கேட்க வேண்டியவை சிவசமுத்திரத்தின் மூன்று வினாக்களே.

யூ.எஸ்.பி. என்னும் அமைப்பு 1996இல் வெளிவந்தது. அதனை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். செய்தியும் மின்சாரமும் ஒரே கேபிளில் செல்லுமாறு அமைத்தது அதன் சிறப்பு. ஆனால் அம்மின்சாரத்துக்கு அளவு உண்டு. அழுத்தம் 5 வோல்ட். 2000இல் வந்த இரண்டாம் பதிப்பின் துறை தர இசையும் ஓட்டம் 500 மில்லியாம்பியர். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பின் துறை தருவது 900 மில்லியாம்பியர். வலுவாகக் கணக்கிட்டால் முன்னது இரண்டரை வாட், பின்னது நாலரை வாட். இதுவே சட்டியில் இருப்பது.

ஒரே துறையிலிருந்து பல கிளைகள் பிரிக்கும் ஹப் என்னும் பெட்டியைச் செருகினால் துறைகள் பெருகுகின்றன, மின்சாரம் பெருகுவதில்லை. தனி அடாப்டர் இல்லாத ஹப், தான் பெறும் 500 மில்லியாம்பியரையே பங்கிட வேண்டும். இரண்டாம் பதிப்பின் விதிப்படி அதன் ஒவ்வொரு கிளைக்கும் 100 மில்லியாம்பியரே உரியது. கோடைக்காலக் காவிரியைப் போன்றது அது. அதில் நான்கு பொறிகளை மாட்டிவிட்டு நான்கும் முழு வேகத்தில் இயங்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. அங்கே கண்ணம்பாடி அணை செய்ததை இங்கே தனி அடாப்டர் உடைய ஹப் செய்கிறது. அடாப்டர் அந்த ஹப்புக்கென்றே அமைந்த வோல்ட் அளவு உடையதாக இருத்தல் வேண்டும். வேறு அளவுள்ளதைச் செருகுவது கருவிக்குக் கேடு.

வழியில் நேரும் இழப்பும் சிறிதன்று. அழுத்தமே 5 வோல்ட் ஆகையால், ஒவ்வொரு துளியும் கணக்கில் சேரும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து ஓர் ஓம் தடை உடைய மெல்லிய கேபிளில் 500 மில்லியாம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பத்தில் ஒரு பங்கு இழப்பு. கேபிள் நீள நீள இழப்பும் கூடும். கேபிளின் உறையில் 28, 24 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். கம்பியின் பருமனைக் குறிக்கும் அவ்வெண் குறையக் குறையக் கம்பி தடித்தது என்று பொருள். ஆகவே குட்டையான, தடித்த கேபிள் நன்று. கணிப்பொறிப் பெட்டியின் முன்பக்கத் துறைகள் உள்ளே வேறொரு கம்பி வழியே இணைக்கப்பட்டவை. பின்பக்கத் துறைகள் தாய்ப்பலகையிலேயே அமைந்தவை. ஐயம் வந்தால் பின்பக்கத்தில் செருகிப் பார்ப்பதே முதற்சோதனை.

சோதிக்கும் முறையையும் அக்காலத்துப் பொறியாளரிடமே கற்கலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஐயத்துக்குரிய கருவி ஒன்றை மட்டும் பின்பக்கத் துறையில் நேரே செருகுக. ஒழுங்காக இயங்கினால் கருவி நலமே. குறை வழியிலோ சுமையிலோ உள்ளது. இயங்காவிடில் கேபிளை மாற்றுக. அப்போதும் இயங்காவிடில் வேறு கணிப்பொறியில் செருகுக. அங்கும் இயங்காவிட்டால் மட்டுமே கருவியைக் குற்றம் சொல்லலாம். நலமென்று கண்டபின் பிற கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதனைச் சேர்த்தபோது தயக்கம் தொடங்குகிறது என்று நோக்குக. விளக்குகளின் ஒளியைக் குறைத்தவுடன் கோளாறு மறைந்தால் சுமையே காரணம் என்பது தெளிவு. சும்மா இருக்கும் கருவிக்குத் துண்டித்துவிடும் மின்சேமிப்பு ஏற்பாடு விண்டோஸில் உண்டு. சற்று நேரம் தொடாமல் இருந்தபின் மட்டும் கருவி உறங்கிவிடுமானால் அவ்வேற்பாட்டை நீக்கிப் பார்த்தல் தகும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது மருந்து என்று தெரியாது.

வியப்பான செய்தி இனிமேல்தான் உள்ளது. கணிப்பொறியின் கேபிள் வழியே மேலும் வலுவை அனுப்ப வேண்டிய தேவை வந்தபோது, பொறியாளர்கள் கேபிளைக் கயிறுபோல் தடிக்கச் செய்யவில்லை. அழுத்தத்தை உயர்த்தினர். 2012இல் வந்த விதிகள் 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட்டத்துடன் 100 வாட் வரை அனுப்ப வழிசெய்தன. அதே 100 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 20 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கும். மெல்லிய கேபிள் தாங்காது. 2021இல் 48 வோல்ட் வரை உயர்த்தி 240 வாட்டுக்கு இடம் தந்தனர். ஆனால் அழுத்தத்தை உயர்த்துமுன் கொடுக்கும் கருவியும் கொள்ளும் கருவியும் தமக்குள் பேசி இசைவு பெற வேண்டும் என்பது விதி. 1902இல் 92 மைலுக்குப் பயன்பட்ட அதே நியதி, இன்று மேசைமேல் இரண்டு முழக் கேபிளிலும் ஆட்சி செய்கிறது. இயற்கையின் சட்டத்துக்குப் பெரியது சிறியது என்ற வேறுபாடு இல்லை.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. கூண்டுகள் நின்றன, நீர் இறைக்கும் பொறிகளும் ஓய்ந்தன. மூன்று தலைமுறை தமிழர் குடைந்த சுரங்க வழிகளில் நீர் நிறைந்தது. ஊரிலுள்ளோர் பலர் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்பிப் பிழைக்கலாயினர். சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே மின்சாரமும் பிறந்துகொண்டே இருக்கிறது. முடிவிடத்தில் சுமைதான் இல்லாமற் போயிற்று.

ஆனால் அவ்வூர் மக்களிடம் தங்கிய ஒன்றுண்டு. பொறி நின்றால் பதறாமல், மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அது. ஃபிட்டர்களாகவும் மின்பணியாளர்களாகவும் வளைகுடா நாடுகளுக்கும் வடநாட்டு ஆலைகளுக்கும் சென்ற தங்கவயல் தமிழர் அதனையே முதலாகக் கொண்டு சென்றனர். அந்நிய மண்ணில் வாழும் நம்மவர், வீட்டுப் பிள்ளைகள் ஒரு கருவி இயங்கவில்லை என்று வந்து நிற்கும்போது, அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்கித் தருமுன் அவர்களை அருகில் அமர்த்தி, ஊற்று நலமா, வழி நலமா, சுமை அளவா என்று கேட்கப் பழக்குவார்களாக. பாட்டனார் மண்ணுக்கடியில் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடம், பேரன் கையில் ஒரு சிறு கேபிளைச் சோதிக்கும்போதும் பயன்படட்டும்.